பன்னிரண்டு வருட ஹோட்டல் அனுபவத்தைப் பாடமாக எழுதுவது எப்படி?

கேள்வி இதுதான்: "ஹோட்டலில் பன்னிரண்டு வருடம் வேலை. முதல் மூன்று வருடம் ரெஸ்டாரன்டில் பரிமாறினேன், அப்புறம் ரிசப்ஷன். புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கும் ஹோட்டல் மேலாண்மை படிப்பவர்களுக்கும் பயன்படுகிற மாதிரி எழுத ஆசை. ஆனால் உட்கார்ந்தால் 'விருந்தினரிடம் எப்போதும் புன்னகையோடு பேச வேண்டும்' என்பதற்கு மேல் ஒரு வரி வரவில்லை. பட்டமும் இல்லை. நான் எழுதலாமா? எழுதினால் எப்படி?"

எழுதலாம். ஆனால் அந்தப் புன்னகை வரியை முதலில் அடித்துவிடுங்கள்.

தப்பான வரி என்று சொல்லவில்லை. நாளைக் காலை முதல்முறையாக மேசைக்குப் பின்னால் நிற்கப்போகிறவருக்கு அந்த வரியை வைத்துக்கொண்டு செய்ய ஒன்றுமில்லை. சிரிக்கத் தெரியாமல் யாரும் இந்த வேலைக்கு வருவதில்லை. எப்போது சிரிக்கக்கூடாது என்பது தெரியாமல்தான் வருகிறார்கள். நானும் உங்களைப் போல மேசைக்குப் பின்னால் நின்றுவிட்டு எழுத வந்தவன்தான். நான் முதன்முதலில் எழுதிய பயிற்சிக் குறிப்பில் பொறுமை, பணிவு, புன்னகை மூன்றும் இல்லாத பக்கமே கிடையாது. அதைப் படித்த சூப்பர்வைசர் ஒருவர், "எல்லாம் நன்றாக இருக்கிறது, இதில் ஹோட்டல் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்துத் திரும்பப் படித்தபோது, அவர் கேட்டது சரி என்று தெரிந்தது. அந்தக் குறிப்பை அப்படியே ஒரு வங்கிக்கோ மருந்துக் கடைக்கோ கொடுத்திருக்கலாம்.

ஏன் இப்படி ஆகிறது? 1990-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி ஒரு சோதனை நடத்தினார். ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை மேசைமேல் விரலால் தட்ட வேண்டும். எதிரே இருப்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். கேட்பவர் பாதிப் பாட்டுகளையாவது கண்டுபிடித்துவிடுவார் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். மொத்தம் தட்டிய 120 பாட்டில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுகிறவர் தலைக்குள் இசையோடு பாட்டு முழுசாக ஓடுகிறது. எதிரே இருப்பவர் காதில் விழுவது வெறும் டக் டக். நீங்கள் "புன்னகையோடு" என்று எழுதும்போது உங்கள் தலைக்குள் பன்னிரண்டு வருடம் ஓடுகிறது. பெட்டி தொலைந்துபோய் வந்து நிற்பவரிடம் சிரித்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. படிப்பவருக்கு டக் டக்தான்.

அப்படியானால் எதை எழுதுவது? நீங்கள் முடிவெடுத்த இடத்தை எழுதுங்கள். எந்தக் கணத்தில், எதைப் பார்த்து, என்ன முடிவெடுத்தீர்கள் என்பதை. முழுக் கதை அதற்கு உறை மாதிரிதான். சொன்னால் புரியாது, ஒன்றை எழுதியே காட்டுகிறேன்.

இரவு பதினொன்றரை. லிஃப்டிலிருந்து ஒருவர் வருகிறார். காலில் அறைச் செருப்பு, கையில் போன் மட்டும். "412. சாவிக் கார்டை உள்ளேயே விட்டுவிட்டேன், இன்னொன்று போட்டுக் கொடுங்கள்" என்கிறார். புதிதாகச் சேர்ந்தவர் என்ன செய்வார்? உதவ வேண்டும் என்ற ஆசையில் "412-ஆ சார், திரு. இன்னார்தானே?" என்று திரையைப் பார்த்துக் கேட்டுவிட்டு, அவர் தலையாட்டியதும் கார்டைக் கொடுத்துவிடுவார். எல்லாம் புன்னகையோடுதான்.

நீங்கள் அப்படிச் செய்ய மாட்டீர்கள். அறை எண்ணைத் திருப்பி உரக்கச் சொல்ல மாட்டீர்கள், ஏனென்றால் லாபியில் இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பெயரை நீங்களாக எடுத்துக் கொடுக்க மாட்டீர்கள். எடுத்துக் கொடுத்த பெயருக்கு யார் வேண்டுமானாலும் ஆமாம் போடலாம். "பெயர் சொல்லுங்கள் சார்" என்று கேட்டுவிட்டு அவர் வாயிலிருந்து வரும்வரை காத்திருப்பீர்கள். அடையாள அட்டை கேட்பீர்கள். அதுவும் அறைக்குள்ளேயே இருக்கிறது என்பார், பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும். அப்போது பதிவுப் படிவத்தில் அவர் கொடுத்த போன் எண்ணையோ முகவரியையோ கேட்டுச் சரிபார்த்துவிட்டு, செக்யூரிட்டியிலிருந்து ஒருவரை அவரோடு மேலே அனுப்புவீர்கள். கதவைத் திறந்து, அட்டையைப் பார்த்த பிறகுதான் புதுக் கார்டு அவர் கைக்குப் போகும்.

இதே காட்சியில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். "412-ல் என் மனைவி இருக்கிறாள், எனக்கு ஒரு கார்டு வேண்டும்." பதிவில் அவர் பெயர் இல்லை. இருவர் பெயரின் பின்பாதியும் ஒன்றாகவே இருக்கிறது, போனில் கல்யாணப் படம்கூடக் காட்டுகிறார். கார்டு கிடையாது. அப்படி ஒருவர் இங்கே தங்கியிருக்கிறாரா இல்லையா என்றுகூடச் சொல்லக்கூடாது. நீங்களே தனியாக அறைக்குப் போன் போட்டு, உள்ளே இருப்பவரிடம் கேட்க வேண்டும். உள்ளே இருப்பவர் இவரிடமிருந்து தப்பித்துத்தான் இங்கே வந்து தங்கியிருக்கலாம். இந்தக் காரணத்தை எழுதாமல் விதியை மட்டும் எழுதினால், பாவமாக ஒரு கணவர் வந்து நிற்கும் முதல் இரவிலேயே அந்த விதி உடைந்துவிடும்.

அப்புறம் இன்னொன்று. இப்படி வந்து நிற்பவர்களில் அநேகமாக எல்லோரும் நேர்மையானவர்கள், தூக்கக் கலக்கத்தில் இருப்பவர்கள். அவர்களைத் திருடன் மாதிரி விசாரிக்கவும் கூடாது. அனுபவம் உள்ளவர்கள் இதை ஒரு சின்ன வரிசை மாற்றத்தில் சமாளிப்பார்கள். முதலில் "இதோ, உடனே பார்த்துவிடலாம் சார்" என்று சொல்லி, கை கார்டு மெஷின் பக்கம் போகும். அதற்குப் பிறகுதான் "பெயர் சொல்லுங்கள்" வரும். உதவி தொடங்கிவிட்டது என்று தெரிந்த பிறகு கேட்கப்படும் கேள்வி யாரையும் உறுத்தாது. நீங்கள் எழுத நினைத்த புன்னகை இருக்கிறதே, அதற்கு இங்கேதான் இடம்.

என் பழைய குறிப்பில் இது முழுவதும் "மாற்றுச் சாவி வழங்கும்போது பாதுகாப்பு நடைமுறைகளைப் பின்பற்றவும்" என்று ஒரே வரியாக இருந்தது.

இப்படிப்பட்ட சம்பவங்களைச் சேர்ப்பதற்கு ஞாபகத்தை மட்டும் நம்பாதீர்கள். ஞாபகம் நம்மை எப்போதும் கொஞ்சம் அழகாகவே காட்டும். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் போனில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்துவிடுங்கள். ஜான் ஃபிளனகன் என்ற அமெரிக்க உளவியலாளர் இரண்டாம் உலகப் போர்க்கால விமானிகளை வைத்து உருவாக்கி, 1954-ல் எழுதி வெளியிட்ட முறை ஒன்று இருக்கிறது. ஒருவரிடம் பொதுவான கருத்தைக் கேட்காமல், குறிப்பிட்ட ஒரு சம்பவத்தைச் சொல்லச் சொல்வது: சூழ்நிலை என்ன, அந்த ஆள் என்ன செய்தார், அதனால் என்ன ஆனது. நீங்கள் உங்களையே இப்படிக் கேட்டுக்கொள்ளலாம். "அந்த விருந்தினர் மரியாதை இல்லாமல் நடந்தார்" என்பது உங்கள் கருத்து. "கிரெடிட் கார்டை மேசையில் தூக்கிப் போட்டார், என்னைப் பார்க்காமல் போனில் பேசிக்கொண்டே இருந்தார்" என்பது சம்பவம். இரண்டாவதை எழுதினால்தான், ஒருவேளை அவர் மருத்துவமனையிலிருந்து வந்த போனைப் பேசிக்கொண்டிருந்தாரோ என்று படிப்பவருக்கும் தோன்றும், உங்களுக்கும் தோன்றும்.

சறுக்கிய சம்பவங்களை நிறையச் சேருங்கள். வெற்றிக் கதைகளில் முடிவெடுத்த இடம் கண்ணுக்குத் தெரியாது, எல்லாம் வழுக்கிக்கொண்டு போயிருக்கும். தவறிய இடத்தில்தான் அது துருத்திக்கொண்டு நிற்கும். என்னுடையது ஒன்றைச் சொல்கிறேன்.

ஹோட்டலுக்கு நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு நாள் முடிவதில்லை. வெளியில் இருப்பவர்களுக்கு இது தெரியாது; புதிதாகச் சேர்பவர்களுக்கும் யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. இரவில் ஒருவர் அன்றைய கணக்கை முடித்து, கம்ப்யூட்டரில் தேதியை மாற்றும்போதுதான் அந்த நாள் முடிகிறது. அதற்குப் பெயர் நைட் ஆடிட். அது ஒரு மணிக்கும் நடக்கலாம், மூன்று மணிக்கும் நடக்கலாம். ஆக, 14-ஆம் தேதி இரவுக்கு அறை பதிவு செய்தவர் விமானம் தாமதமாகி 15-ஆம் தேதி அதிகாலை 1.40-க்கு வந்து நின்றாலும், அவர் 14-ஆம் தேதி விருந்தினர்தான்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம், தனியாக நைட் ஷிஃப்ட். ஒரு மணிக்கு அப்படிப்பட்ட ஒரு புக்கிங்கை நோ-ஷோ, அதாவது விருந்தினர் வரவில்லை, என்று போட்டேன், தேதியை மாற்றினேன், மிச்சம் இருந்த அந்த ஒரே அறையை வாசலில் வந்து நின்ற இன்னொருவருக்குக் கொடுத்தும் விட்டேன். நாற்பது நிமிடம் கழித்து ஒரு அம்மா, தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். திரையைப் பார்த்துவிட்டு நான் சொன்ன முதல் வாக்கியம்: "உங்கள் புக்கிங் நேற்றைக்கு மேடம்." அவர் முகம் மாறியது இன்னும் கண்ணில் இருக்கிறது. தேதிக் கணக்கைச் சொல்லி நான் தப்பிக்கப் பார்த்தேன் என்பது அவருக்கு உடனே தெரிந்துவிட்டது.

இதை நான் கதையாக எழுதினால் "ஐயோ பாவம்" என்பார்கள். பாடமாக எழுதும்போது மூன்று இடத்தில் நிறுத்தினேன். ஒன்று, நோ-ஷோ போடுவதற்கு முன்: கார்டு விவரமோ முன்பணமோ கொடுத்து உறுதி செய்த புக்கிங்கா, இல்லையா? உறுதி செய்யாததைப் பல ஹோட்டல்கள் மாலை 6 மணியோடு விடுவித்துவிடும். உறுதி செய்ததை இரவு முழுக்க வைத்திருக்க வேண்டும். என் கண் முன்னால் திரையிலேயே அது இருந்தது, நான் பார்க்கவில்லை. இரண்டு, அந்த முதல் வாக்கியம். மூன்று, அறையே இல்லை என்றான பிறகு: பக்கத்தில் வேறு ஹோட்டலில் அறை பிடித்து, அந்த இரவின் வாடகையையும் வண்டியையும் நம் ஹோட்டல் ஏற்றுக்கொண்டு அனுப்புவது தொழிலில் வழக்கமாக உள்ள நடைமுறை. ஆனால் அந்தச் செலவுக்குச் சரி சொல்லும் அதிகாரம் யாருக்கு, அந்த நேரத்தில் யாரை எழுப்புவது? அது எனக்குத் தெரியாததால் இருபது நிமிடம் போனது. குழந்தை எழுந்துவிட்டது.

1990-ல் மேரி ஜோ பிட்னரும் அவருடைய சகாக்கள் இருவரும் விமானம், ஹோட்டல், ரெஸ்டாரன்ட் வாடிக்கையாளர்களிடம் ஏறக்குறைய 700 சம்பவங்களைச் சேகரித்து ஆராய்ந்தார்கள். மறக்க முடியாத நல்ல அனுபவம் என்று மக்கள் சொன்னவற்றில் கிட்டத்தட்ட நாலில் ஒன்று, ஏதோ தவறிப்போய் அப்புறம் ஊழியர் நடந்துகொண்ட விதத்தில் சரியான சம்பவம். மோசமான அனுபவங்களிலும் ஒரு பெரிய பங்கு, தவறு நடந்ததைவிட அதற்கு ஊழியர் காட்டிய முகத்தால் கசந்தவை. என் "நேற்றைக்கு மேடம்" அந்த ரகம்.

சரி, அனுபவத்தை எங்கே நம்பக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். சட்டமும் உணவுப் பாதுகாப்பும் வரும் இடத்தில் "எங்கள் கிச்சனில் இப்படித்தான் செய்வோம்" என்று எழுதாதீர்கள். சூடான உணவை எத்தனை டிகிரிக்கு மேல் வைத்திருக்க வேண்டும்? இங்கிலாந்தில் வேலை பார்த்தவர் 63 டிகிரி செல்சியஸ் என்பார், குளிர்ந்த உணவுக்கு அதிகபட்சம் 8 என்பார். அமெரிக்க உணவு விதித்தொகுப்பில் பழகியவர் 57, 5 என்பார். இருவரும் சத்தியம் செய்வார்கள், இருவர் சொல்வதும் அவரவர் இடத்தில் சரி. ஒவ்வாமை விஷயமும் அப்படித்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பரிலிருந்து ரெஸ்டாரன்ட் உணவுக்கும் 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றித் தகவல் தர வேண்டும்; அமெரிக்காவில் முக்கிய ஒவ்வாமைப் பொருள்களின் பட்டியல் 9, அதிலும் எள் ஒன்பதாவதாகச் சேர்ந்தது 2023-ல்தான். உங்களுக்கு மனப்பாடமான எண் எந்த நாட்டு எண், எந்த வருடத்து எண் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஆனால் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத, நீங்கள் மட்டுமே எழுதக்கூடிய ஒன்று இதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. "இதில் எள் இருக்கிறதா?" என்று விருந்தினர் கேட்கும்போது, பரிமாறுகிறவர் வாயில் முதலில் வருவது "இருக்காது என்றுதான் நினைக்கிறேன்." ஏன் வருகிறது? எட்டு மேசை காத்திருக்கிறது. இப்போதுதான் கிச்சனில் திட்டு வாங்கிவிட்டு வந்திருக்கிறார், திரும்பப் போய்க் கேட்கப் பயம். ஒவ்வாமைப் பட்டியலை மனப்பாடம் செய்யவைத்தால் இந்தப் பயம் போகாது. "கிச்சனில் கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன்" என்ற வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழகவைக்க வேண்டும். உச்ச நேரத்தில் அந்தக் கேள்வியோடு செஃப் முன்னால் எப்படிப் போய் நிற்பது என்பதையும் எழுத வேண்டும். மூன்று வருடம் பரிமாறியிருக்கிறீர்கள். எனக்கு அந்த அனுபவம் குறைவு, இதை என்னைவிட நீங்கள் நன்றாக எழுதுவீர்கள்.

இந்தத் தொழிலின் பயிற்சி ஏடுகளில் எனக்கு ஒரு பெரிய குறை உண்டு. பெரும்பாலும் அவை முதலாளியின் கண்ணால் எழுதப்பட்டவை. கத்துகிற விருந்தினரை எப்படிச் சமாதானப்படுத்துவது என்று பத்துப் பக்கம் இருக்கும். திட்டு வாங்கியவர் அடுத்த பத்து நிமிடம் என்ன செய்வது என்று ஒரு வரி இருக்காது. விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷில்ட், 1983-லேயே இதற்கு உணர்ச்சி உழைப்பு என்று பெயர் வைத்தார். சம்பளத்துக்காக முகத்தை மட்டும் மாற்றிக்கொள்வது ஒரு வகை, உள்ளேயே அப்படி உணரத் தன்னைப் பழக்கிக்கொள்வது இன்னொரு வகை. இரண்டுமே உழைப்பு, இரண்டுமே களைக்கவைக்கும். நீங்கள் வரிசையில் நிற்கும் அடுத்த விருந்தினரை எப்படிச் சந்தித்தீர்கள்? சக ஊழியரிடம் கண்ணைக் காட்டிவிட்டு இரண்டு நிமிடம் பேக் ஆபீசுக்குப் போய் நின்றீர்களா? போக முடியாத நாளில்? எந்த அளவுக்கு மேல் மேனேஜரை அழைத்தே ஆக வேண்டும் என்று எப்படித் தீர்மானித்தீர்கள்? இதை எழுதினால் உங்கள் புன்னகை அத்தியாயமும் கிடைத்துவிடும், கூச்சப்படாமல் எழுதக்கூடிய மாதிரி.

விருந்தினரின் அந்தரங்கத்தைப் பற்றிக் கொஞ்சம். பெயரை மாற்றினால் போதும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். போதாது. மாடி, மாதம், தொழில், கூட வந்தவர்கள், புகார் எதைப் பற்றியது என்ற எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஆள் தெரிந்துவிடும். எழுதியதை அந்த விருந்தினரே படித்தால் தன்னை அடையாளம் கண்டுகொள்வாரா என்று கேட்டுப் பாருங்கள். கண்டுகொள்வார் என்றால், அதே முடிவெடுத்த இடம் வருகிற இரண்டு மூன்று சம்பவங்களைக் கலந்து புதிதாக ஒன்று செய்யுங்கள். பாடத்துக்குத் தேவை அந்த இடம்தான், அந்த ஆள் இல்லை. பிரபலமானவர் தங்கிய கதையை விட்டுவிடுங்கள், அது எவ்வளவு சுவையாக இருந்தாலும். அதே மாதிரி, வேலை பார்த்த ஹோட்டலின் எஸ்.ஓ.பி. என்ற நடைமுறை விதிகள் கோப்பிலிருந்து பக்கங்களை அப்படியே எடுக்காதீர்கள். அது அவர்கள் சொத்து. வேலையில் சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளில் ரகசியக் காப்பு பற்றி என்ன இருக்கிறது என்று ஒருமுறை எடுத்துப் படித்துவிடுங்கள். நான் படித்தது எழுத ஆரம்பித்து ஒரு வருடம் கழித்து, வியர்த்துப்போய்.

பட்டம் பற்றிக் கேட்டீர்கள். இந்தப் படிப்பே ஹோட்டல்காரர்கள் தொடங்கியதுதான். சுவிட்சர்லாந்தின் லோசானில் 1893-ல் ஆரம்பித்த ஹோட்டல் பள்ளி முதலில் ஒரு ஹோட்டலுக்குள்ளேயே நடந்தது. கார்னெல் பல்கலைக்கழகம் 1922-ல் இதைப் பட்டப்படிப்பாகத் தொடங்கியதும் ஹோட்டல் தொழிலில் இருந்தவர்களின் ஆதரவோடுதான். பட்டம் இல்லாததால் வரும் குறை ஒன்றுதான்: உங்கள் ஹோட்டலில் புழங்கும் சொல், பாடப் புத்தகத்தில் வேறாக இருக்கலாம். ஃப்ரண்ட் ஆபீஸ், ஹவுஸ்கீப்பிங் இரண்டுக்கும் தலா ஒரு பாடப் புத்தகம் வாங்கிப் படித்துவிடுங்கள். படிக்கும்போது "நிஜத்தில் இப்படி நடக்காதே" என்று எங்கெல்லாம் தோன்றுகிறதோ, அங்கெல்லாம் ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். உங்கள் பொருளடக்கம் அந்தப் புள்ளிகள்தான்.

எழுதி முடித்ததை முதலில் மேனேஜரிடம் காட்டாதீர்கள். அவருக்கும் அந்தப் பாட்டு தெரியும், அதனால் டக் டக் அவருக்குப் புரிந்துவிடும். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகாத ஒருவரிடம் கொடுங்கள். "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்பார், உங்கள் முகத்தைப் பார்த்து. அதனால் கேட்காதீர்கள். கார்டை அறைக்குள் விட்டுவிட்டு வந்தவராக நீங்கள் நில்லுங்கள், படித்துவிட்டு அவர் மேசைக்குப் பின்னால் நிற்கட்டும், நடித்துப் பாருங்கள். பாடத்தின் கடைசியில் கேள்வி வைப்பதானாலும் "கீழ்க்கண்டவற்றில் சரியானது எது?" வேண்டாம், நான்கில் நீளமானதுதான் சரியான விடை என்று எல்லா மாணவருக்கும் தெரியும். "இவரிடம் முதலில் என்ன கேட்பீர்கள்? ஏன் அதை முதலில்?" என்று கேளுங்கள்.

நான் அந்தச் சாவிப் பாடத்தை எழுதி இப்படி நடித்துப் பார்த்தபோது, புதிதாகச் சேர்ந்த பெண் எல்லாம் சரியாகச் செய்தார். பெயர் கேட்டார், அட்டை கேட்டார், எண்ணைச் சொல்லவில்லை. நான் கொஞ்சம் குரலை உயர்த்தி, "என்னைப் பார்த்தால் திருடன் மாதிரி இருக்கிறதா?" என்றேன். அப்படியே நின்றுவிட்டார். பாடத்தில் அந்த வாக்கியத்துக்குப் பதில் இல்லை. அன்று சாயங்காலம் அதற்கு மட்டும் அரைப் பக்கம் எழுதினேன்.